சந்துகளைக் காப்பாற்றிய தாடிக்காரர்

போடிநாயக்கனூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் பஸ், குரங்கணியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஏறவேண்டுமானால் காலை நம்ப வேண்டியதுதான்.

மேலே உள்ள ஊர்களின் பெயர்கள் வேடிக்கையானவை. ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். இன்னொன்று டாப் ஸ்டேஷன். காடும் மேகமும் சூழ்ந்த மலையிலே ஸ்டேஷன் எங்கிருந்து வந்தது?

அது ஒரு பழைய கதை. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ரெயில் டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளை இரும்புக் கம்பியில் தொங்கவிட்டு, மலையடிவாரத்தில் உள்ள கொட்டகுடிக்கு இறக்குவார்கள். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டி. போடி வழியாகத் துறைமுகம் போய், கப்பலேறி, சீமைக்குப் போகும் அந்தத் தேயிலை.

1924-ல் பெருவெள்ளம் வந்தது. ரெயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு கம்பியும் மறைந்தது. மனிதர் நடந்த பாதை மட்டும் இன்றும் இருக்கிறது.

கம்பியில் தேயிலை இறங்கிக்கொண்டிருந்த அந்த நாளில்தான், தமிழ்நாட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயது 60. கலைந்த தலை. புதர் போன்ற தாடி. ஓயாத பேச்சு.

அவருக்கு இங்கே என்ன வேலை தெரியுமா? நடப்பது!

சந்து சந்தாக நடப்பார். வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்ப்பார். குளத்தங்கரையில் நிற்பார். அதன் பிறகு, இந்த ஊரில் எந்தச் சுவர் இடிய வேண்டும், எந்தச் சந்து பிழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்.

அவர் பெயர் பாட்ரிக் கெட்டிஸ். நகர் அமைப்புக் கலை படித்தவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர் அது.

பாங்கு வேலையை உதறினார்

இங்கிலாந்துக்கு வடக்கே உள்ள மலைநாடு ஸ்காட்லாந்து. அங்கே பல்லட்டர் என்ற சிற்றூரில் 1854 அக்டோபர் 2-ந் தேதி கெட்டிஸ் பிறந்தார். அப்பா பட்டாளத்துக்காரர். பெரிய சொத்து கிடையாது.

பெர்த் என்ற ஊரில், மலைச் சரிவில் ஒரு குடிசை வீடு. சுற்றிலும் தோட்டம். அப்பா விதை போடுவார். மகன் தண்ணீர் ஊற்றுவான். ஓய்வு கிடைத்தால் இருவரும் மலையேறுவார்கள். உச்சியில் நின்று பார்த்தால் ஆறும், வயலும், ஊரும் ஒரே பார்வையில் தெரியும்.

அந்தக் காட்சி சிறுவன் மனதில் பதிந்துவிட்டது. கடைசி வரை அது அழியவில்லை.

பையன் பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா அவனைப் பாங்கில் சேர்த்துவிட்டார். ஒன்றரை ஆண்டு கணக்கு எழுதினான். பிடிக்கவில்லை. செடிகொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எடின்பரோ சர்வகலாசாலைக்குப் போனான். ஒரே வாரத்தில் அதையும் விட்டு ஓடிவந்தான்! உயிருள்ள செடியை விட்டு, காய்ந்த செடியைக் கிழித்துப் பார்க்கும் படிப்பு அவனுக்கு ஒத்துவரவில்லை.

பிறகு லண்டனில் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியிடம் சீடனாகச் சேர்ந்தார். அங்கேதான் படிப்பு பிடிபட்டது.

கண் இருண்டது

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ நாட்டுக்குப் போனார். அங்கே கண் கெட்டது. வெளிச்சமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரக்கணக்கில் இருட்டு அறையிலே அடைந்து கிடந்தார். 25 வயது இளைஞனுக்கு இதைவிடக் கொடுமை என்ன வேண்டும்?

ஒரு நாள் ஜன்னலைத் தடவிப் பார்த்தார். கட்டம் கட்டமாக அதன் சட்டங்கள் கைக்குத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒன்றுக்கு இடம் என்று பெயர் வைத்தார். ஒன்றுக்கு வேலை. ஒன்றுக்கு ஜனங்கள். கட்டத்துக்குக் கட்டம் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டே இருந்தார். இப்படிக் கட்டம் கட்டிச் சிந்திக்கும் பழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது.

கண் பிழைத்தது. ஆனால் பழைய மாதிரி நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்க்க முடியாது. பூச்சிகளையும் பாசிகளையும் விட்டு, மனிதர் வாழும் ஊரைப் பார்க்கத் தொடங்கினார்.

இடம், வேலை, ஜனங்கள். இந்த மூன்றும் பெரிய தத்துவம் என்று பயப்பட வேண்டாம். நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

ஏலமலைச் சரிவு, இடம். ஏலக்காய் எடுப்பது, வேலை. முன்பு தோட்டத்தில் வேலை செய்தவர் பெரும்பாலும் தோட்டத்து லயன் வீட்டிலேயே குடியிருந்தார். காலையில் எழுந்து நடந்து போனால் வேலை. இன்று போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிறார்கள். பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். மலை அதே மலை. வேலை அதே வேலை. வீடு மட்டும் தள்ளிப் போயிற்று. அவ்வளவுதான், வாழ்க்கையில் தினமும் சில மணி நேரமும், கூலியில் ஒரு பங்கும் ரோட்டுக்குப் போகின்றன.

லயன் வீடு சொர்க்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் படிப்பு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கீழே இருக்கும்போது, யார்தான் மேலே ஒற்றை அறையில் இருப்பார்கள்? வீட்டை எங்கே வைப்பது, அதைச் சுற்றி எதை எதை வைப்பது என்ற கேள்வியில்தான் பிரயாணக் கேள்வியும் அடங்கியிருக்கிறது. கெட்டிஸ் பிடித்துக்கொண்ட நுனி இதுதான்.

புது மணப்பெண் போன வீடு

1886-ல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணைக் கெட்டிஸ் மணந்தார். லிவர்பூல் வியாபாரியின் மகள். வசதியாக வளர்ந்தவர்.

மணமாகி மறு ஆண்டு கணவர் அவரை எங்கே குடிவைத்தார் தெரியுமா? எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில்! பணக்காரர்கள் அந்தப் பகுதியைக் காலி செய்து, புதுப்பட்டணத்துக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. உயரமான பழங் கட்டடங்கள். இருண்ட சந்துகள். குப்பை. நோய்.

மற்றவர்களாக இருந்தால் இதை இடித்துத் தள்ளுங்கள் என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். கணவனும் மனைவியும் சுண்ணாம்பு வாளியை எடுத்தார்கள். முதலில் தங்கள் வாசலை வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பிறகு அண்டை வீட்டாரும் சேர்ந்தார்கள். மிகவும் கெட்டுப்போன வீடுகள் மட்டும் இடிக்கப்பட்டன. அந்த இடம் சிறு முற்றமாயிற்று, தோட்டமாயிற்று. வெளிச்சம் உள்ளே வந்தது. மாணவர்களுக்கு விடுதிகள் அங்கே ஏற்பட்டன. படித்தவர்கள் திரும்பக் குடிவந்தார்கள்.

சந்துகள்? அவை அப்படியே இருந்தன. வண்டி நுழையாத சந்துகள். குழந்தைகள் விளையாடவும், பெரியவர்கள் பேசவும், கடைக்கும் வேலைக்கும் நடக்கவும் அவை போதும்.

அன்னாவின் பெயரைச் சரித்திரம் அதிகம் சொல்வதில்லை. ஆனால் வரவு செலவைப் பார்த்தவர் அவர். கணவர் கையில் காசு தங்காது. எடுத்த காரியத்தை முடிக்குமுன் அடுத்த காரியத்துக்குத் தாவும் சுபாவம் வேறு. அன்னா இல்லாவிட்டால் பாதி வேலை நடந்திராது.

கெட்டிஸ் 1888-லிருந்து டண்டீ கல்லூரியில் தாவர நூல் பேராசிரியராக இருந்தார். வருஷத்தில் கோடை காலத்தில் மட்டும் பாடம். மீதி மாதங்களை ஊர்களுக்குக் கொடுத்தார். எடின்பரோவில் ஓர் உயர்ந்த கோபுரத்தை 1892-ல் தம் வசம் எடுத்துக்கொண்டு, அதைக் காட்சிசாலை ஆக்கினார். உச்சியில் ஊர் முழுவதும் தெரியும். அடுக்கடுக்காகக் கீழே இறங்கினால், நகரம், நாடு, உலகம் என்று படங்கள். மலை உச்சியில் அப்பாவோடு நின்று பார்த்த காட்சிக்கு அவர் கட்டிய பள்ளிக்கூடம் அது.

எம்டன் செய்த சேதம்

நகரங்களைப் பற்றிக் கெட்டிஸ் ஒரு பெரிய கண்காட்சி சேர்த்திருந்தார். நூற்றுக்கணக்கான படங்கள், வரைபடங்கள், மாதிரிகள். பல ஆண்டு உழைப்பு. அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் பெண்ட்லண்ட் பிரபு. அவர் கெட்டிஸை இந்தியாவுக்கு அழைத்தார்.

1914-ல் கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. கெட்டிஸும் அவர் மூத்த மகன் அலாஸ்டரும் வேறு கப்பலில் புறப்பட்டார்கள்.

அந்தச் சமயம் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டதே ஒரு ஜெர்மன் கப்பல், எம்டன்! இன்றும் நம் ஊரில் பொல்லாத ஆளை எம்டன் என்கிறோமே, அதே கப்பல்தான். அக்டோபர் மாதம் இந்துமகா சமுத்திரத்தில் கிளான் கிராண்ட் அதன் கையில் சிக்கியது. கண்காட்சி முழுவதும் கடலுக்கு அடியில் போயிற்று.

கெட்டிஸ் தலையில் கைவைத்து உட்காரவில்லை. சீமையில் உள்ள நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் அவசர அவசரமாகப் புதுப் படங்கள் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில், சென்னை சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது!

தஞ்சாவூர்ச் சந்தில்

அதற்குள்ளாகவே அவர் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியிருந்தார். சென்னை ராஜதானியின் பல ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலத்து முனிசிபாலிடி எஞ்சினீயர்களுக்கு ஒரு வைத்தியம்தான் தெரியும். நெருக்கமான தெரு என்றால், நடுவில் நேர்கோடு போட்டு அகலமான ரோடு வெட்டுவது. கோட்டில் அகப்பட்ட வீடெல்லாம் போகும். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் போட்டிருந்தார்கள்.

கெட்டிஸ் அங்கே நடந்து பார்த்தார். காகிதத்தில் பார்த்தால் நெருக்கம். நடந்து பார்த்தால் பாழ் மனைகளும், இடிந்து கிடந்த சுவர்களும் இருந்தன. இடிந்ததை மட்டும் எடுத்தால் போதாதா? வெற்று மனையை முற்றமாக்கி ஒரு மரம் நட்டால் காற்று வராதா? இரண்டு சந்து முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சுவரைத் தள்ளினால் வழி பிறக்காதா?

ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, காக்க வேண்டியது எது, நீக்க வேண்டியது எது என்று வரைந்து காட்டினார். எஞ்சினீயர் திட்டத்துக்கு ஆகும் செலவில் ஆறில் ஒரு பங்கு போதும் என்று கணக்கும் காட்டினார்.

காலில் கட்டி வந்தால் நல்ல வைத்தியர் கட்டியைத்தான் அறுப்பார். காலை வெட்ட மாட்டார். கெட்டிஸ் தம் முறைக்கு ரண சிகிச்சையின் பெயரையே வைத்தார். காப்பாற்றும் ரண சிகிச்சை என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இதில் ஏழைகளின் பிழைப்பு அடங்கியிருந்தது. வீடு இடிபட்டவர் எங்கே போவார்? அடுத்த தெருவில் ஏற்கெனவே நெருங்கி வாழ்பவரோடு போய் நெருங்குவார். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே போவார். கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர், கோயில் வாசலில் பூ விற்கிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், இவர்களை ஊருக்கு வெளியே தள்ளினால், அவர்கள் வேலை கூடவே வருமா? அன்று அவர்கள் அரை நாள் நடந்தார்கள். இன்று பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

அகல ரோடு நல்லதுதானே என்று கேட்கலாம். பெரிய ரோடு ஊருக்குச் சில வேண்டும். கெட்டிஸும் அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தெருவும் பெரிய ரோடாக வேண்டியதில்லை. நம் வெயிலில் அகல ரோட்டில் நடந்து பாருங்கள், தலை வெடிக்கும். சந்தில் இரு பக்கத்து வீட்டு நிழலும் விழும். திண்ணை இருக்கும். கிழவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். வண்டி பயம் இல்லாமல் குழந்தை தெருவில் ஓடலாம். எங்கே நடப்பது சுகமோ, அங்கே ஜனங்கள் தாமே நடப்பார்கள்.

குளங்களைத் தூர்ப்பதற்கும் அவர் விரோதி. கொசு வருகிறது என்று அந்நாளில் பல ஊர்களில் குளத்தை மூட யோசனை சொன்னார்கள். குளத்தில் மீன் விடுங்கள், மீன் கொசுப் புழுவைத் தின்றுவிடும் என்றார். கரையில் மரமும் நீரில் குளிர்ச்சியும் உள்ள இடம் ஊருக்கு எத்தனை பெரிய சொத்து!

மதுரையின் சதுரங்கள்

நம் கோயில் நகரங்களைப் பார்த்து அவர் சொக்கிப்போனார் என்றே சொல்ல வேண்டும். 1919-ல் கல்கத்தா பத்திரிகை ஒன்றில் கோயில் நகரங்கள் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

மதுரையை நினைத்துப் பாருங்கள். நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி. அதையும் சுற்றி மாசி வீதி. கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடத்தில், 1840-களில் பிளாக்பர்ன் கலெக்டர் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த பிறகு, வெளி வீதிகள் வந்தன.

பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி இருக்கிறது அல்லவா? தேர் ஓட அகலமான மாசி வீதி. அதற்கு உள்ளே கடைகள். கடைகளுக்குப் பின்னே வீடுகள். வீதிக்கு வீதி சேர்க்கும் சின்னச் சந்துகள். நாலு மூலையில் எங்கே வீடு இருந்தாலும், கோயிலும் கடையும் காலுக்கு எட்டும் தூரம். நூற்றாண்டுக் கணக்காக ஜனங்கள் நடந்தே வாழ்ந்த ஊர் இப்படித்தான் அமையும்.

கெட்டிஸ் ஊரை ஊராக மட்டும் பார்ப்பவர் அல்ல. அவர் பேர்போன பள்ளத்தாக்குப் படம் ஒன்று வைத்திருந்தார். மலையில் தொடங்கி ஆற்றோடு இறங்கிக் கடலில் முடியும் படம். மேலே மரம் வெட்டுகிறவன், வேட்டைக்காரன், நடுவே ஆடு மேய்ப்பவன், உழவன், கடைசியில் செம்படவன். எல்லாரும் சேர்ந்ததுதான் நகரம் என்பார்.

அந்தப் படத்தை நம் பக்கத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். குரங்கணி மலையில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாக இறங்குகிறது. போடியைத் தாண்டி, தேனிப் பக்கத்தில் வைகையோடு சேர்கிறது. வைகை மதுரைக்குப் போகிறது, அப்புறம் ராமநாதபுரம், அப்புறம் கடல். மலையில் ஏலம், காப்பி. கீழே மா, தென்னை. அதற்கும் கீழே நெல். போடிக்கு ரெயில் வந்ததே 1928-ல்தான். அதற்கு முன்னே இந்த வழி முழுவதும் கால்நடையாலும் மாட்டு வண்டியாலும் பிழைத்தது.

குரங்கணிக்கு மேலே ரோடு வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. இந்த மலைப்பக்கத்து ஊர்களில் உடம்பு சரியில்லாதவரை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். அவர்களிடம் போய் நடப்பதன் பெருமையைப் பேசினால் அடிக்க வருவார்கள், வரவேண்டியதுதான். காடும் அழியக் கூடாது, பிரசவ வலியில் ஒரு பெண்ணும் பாதி வழியில் சாகக் கூடாது. கெட்டிஸ் முறைப்படி பார்த்தால், ரோட்டுக்குக் கோடு போடுகிறவர் முதலில் அந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். ஊர்க்காரர்களோடு தங்கி, அவர்கள் எதற்காக இறங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். மருந்துக்கா, பள்ளிக்கூடத்துக்கா, ரேஷனுக்கா? அதில் எதை எதை மேலேயே கொண்டுபோய் வைக்கலாம்?

மகன் சாவு; மனைவி சாவு

1917-ம் ஆண்டு கெட்டிஸுக்கு இடிமேல் இடியாக வந்தது.

சென்னைக் கண்காட்சிக்கு உதவிய மகன் அலாஸ்டர் போருக்குப் போயிருந்தான். பிரான்ஸ் போர்க்களத்தில் ஏப்ரல் மாதம் குண்டு பட்டு இறந்தான். அப்பாவின் வேலையை எடுத்து நடத்துவான் என்று நம்பியிருந்த பிள்ளை அவன்.

செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் விஷ ஜுரத்தில் படுத்திருந்தார். சொன்னால் அந்த நிமிஷமே உயிர் போய்விடும் என்று பயந்தார் கெட்டிஸ். சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததுபோல் மனைவிக்குப் படித்துக் காட்டினார். நெஞ்சுக்குள் எப்படி இருந்திருக்கும்!

சில வாரங்களில் அன்னாவும் கண்ணை மூடினார். மகன் இறந்தது அந்தத் தாய்க்குத் தெரியவே தெரியாது.

ஒரு நாள் ராஜா

அந்த ஆண்டே கெட்டிஸ் இந்தூருக்குப் போனார். ஹோல்கர் மகாராஜாவின் ராஜ்யம். ஊரில் பிளேக் நோய். அவர் வழக்கம்போல் வரைபடத்தோடு தெருத் தெருவாக நடந்தார். ஜனங்கள் அவரைக் கண்டாலே ஓடினார்கள். வீட்டை இடிக்க வந்த துரை என்று தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கெட்டிஸ் நேரே அரண்மனைக்குப் போய் ஒரு விசித்திரமான வரம் கேட்டார். தம்மை ஒரு நாளைக்கு ராஜா ஆக்க வேண்டும்! கிடைத்தது.

உடனே ஊரெல்லாம் தண்டோரா. வரும் தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் வரும். அது எந்தத் தெரு வழியாக வரும்? வழக்கமான வழியில் வராது. எந்தத் தெருவில் அதிகமான வீடுகள் சுத்தமாகவும் பழுது பார்த்தும் இருக்கின்றனவோ, அந்தத் தெரு வழியாகத்தான் வரும். குப்பையை முனிசிபாலிடி வண்டி இலவசமாக எடுத்துப் போகும்.

அவ்வளவுதான். ஊரே துடைப்பத்தை எடுத்தது. வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியே போயிற்று.

தீபாவளி வந்தது. யானை, குதிரை, வாத்தியம். அழுக்கு அரக்கன் ஒருவன் ராட்சச உருவில் வந்தான். பிளேக் எலியும் பெரிய பொம்மையாக வந்தது. அதன் பின்னே யார் வந்தார்கள் தெரியுமா? ஊரைக் கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்கள்! வெள்ளை உடை உடுத்தி, மாலை போட்டு, ராஜ மரியாதையோடு நடந்தார்கள். இந்தூர் நகரமே ஒரு தேவி வடிவில் தேரில் வந்தது. குழந்தைகளுக்குத் துளசிச் செடி கொடுத்தார்கள். இரவில் அழுக்கு அரக்கனைக் கொளுத்தினார்கள்.

அதன் பிறகு அவர் தெருவில் நடந்தால் ஜனங்கள் ஓடவில்லை. அரக்கனை எரித்த பழைய ராஜா வருகிறார் என்று கூடி நின்றார்கள்.

வீட்டில் இரண்டு சாவு நடந்த அதே ஆண்டில், ஒரு மனிதர் ஊருக்குத் திருவிழா நடத்தினார்.

வேலி இல்லாத தோட்டம்

1919-ல் பம்பாய் சர்வகலாசாலையில் சமூக இயலுக்கு அவர் பேராசிரியரானார். ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூருக்கு நண்பர். இந்தியாவில் சுமார் 50 ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். உடம்பு கெட்டு 1924-ல் நம் நாட்டை விட்டுப் போனார்.

அறிக்கைகள் என்ன ஆயின? சிலவற்றில் சில காரியங்கள் நடந்தன. பல, ஆபீஸ் பீரோவில் தூங்கின. குற்றம் முழுவதும் பீரோவுடையது என்று சொல்ல முடியாது. கெட்டிஸின் கையெழுத்து யாருக்கும் புரியாது. பேசினால் வார்த்தை தாடிக்குள் போய்விடும். எஞ்சினீயர்களைப் பலர் நடுவில் மட்டம் தட்டுவார். சாக்கடைக் குழாய்களில் அவருக்கு இருந்த வெறுப்பும் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு நகரத்தில் மட்டும் அவர் கோடு நன்றாக நிலைத்தது. அது டெல் அவிவ். 1925-ல் அந்த ஊர் விரிவதற்கு, 1 லட்சம் பேரை மனதில் வைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தார்.

அதன் சூட்சுமம் இது. பெரிய ரோடுகள் சில. அவற்றில் கடைகளும் போக்குவரத்தும். இரண்டு பெரிய ரோடுகளுக்கு நடுவே பெரிய கட்டம். கட்டத்துக்குள்ளே நுழையும் தெருக்கள் குறுகலானவை; நேராகப் போகாமல் திரும்பும். குறுக்கு வழி தேடும் வண்டி அங்கே வந்து பயன் இல்லை. நடுவில் எல்லாருக்கும் பொதுவான சிறு பூங்கா. வீட்டிலிருந்து பூங்காவுக்கும், கடைக்கும், கடற்கரைக்கும் நடந்தே போகலாம். கெட்டிஸ் சின்னச் சின்ன வீடுகளை நினைத்தார். வந்தவையோ அடுக்கு வீடுகள். ஆனாலும் தெருவின் அமைப்பு தப்பியது. 2003-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கட்டத்தைச் சுற்றி வண்டி, கட்டத்துக்குள் கால். நம் மாசி வீதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள்! மதுரையைப் பார்த்துத்தான் அவர் இதைச் செய்தார் என்று கூறிப் பெருமையடிக்க வேண்டாம். இரண்டும் ஒரே ஜாதி என்று மட்டும் சொல்லலாம்.

பிரான்ஸ் தேசத்தில் மோன்பெலியே என்ற ஊரில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். கல்லூரி ஒன்று கட்டினார், தோட்டம் போட்டார். 1932-ல் ஆங்கில அரசு சர் பட்டம் கொடுத்தது. முன்பு ஒருமுறை வேண்டாம் என்றவர், இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். வயது 77.

இந்தியா சுதந்திரம் அடைந்த 1947-ல், அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து முக்கியமான பகுதிகளைத் திரட்டி, ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி லண்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார். பீரோவில் தூங்கிய தஞ்சாவூர்ச் சந்துகள் உலகம் சுற்றின.

சென்னை மாநகராட்சி 2014-ல், நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ரோட்டில் முதல் உரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டி நிறுத்த இடம் இல்லையே என்று வியாபாரம் படுத்துவிடுமோ எனப் பயந்தவர்களும் உண்டு. அங்கே இன்று மாலை வேளையில் குழந்தைகள் ஓடுகின்றன. பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள்.

மதுரையிலும் கோயிலைச் சுற்றியுள்ள நாலு சித்திரை வீதிகளில் இப்போது வண்டி ஓடுவதில்லை. மதுரைக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கல் பாவிய தரையில் நடக்கிறார்கள். மாசி வீதிகளில் மட்டும் ஆட்டோவும், லாரியும், மோட்டார் சைக்கிளும் முட்டி மோதுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைத் திருவிழாவில் தேர் வரும்போது, அவை எல்லாம் ஒதுங்குகின்றன. அன்று அந்த நாலு வீதியும் காலுக்கே சொந்தம்.